புறாமலைப் படத்தை ஏன் அழித்தேன்? (கெமரா கேட்டவர்களுக்கும் சேர்த்து ஒரு பதில்)



போன மாதம் இங்கே நான் போட்ட புறாமலைப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். முன்னால் குடை விரித்த மாதிரி ஒரு பெரிய தட்டு முருகைக்கல், அதைச் சுற்றி மஞ்சள் மீன் கூட்டம், மேலேயிருந்து இறங்கும் வெயில் கீற்று. நான் போட்ட எந்தப் பதிவுக்கும் அவ்வளவு லைக் வந்ததில்லை. நான்கு நாளில் அதை அழித்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்கள் சிலர். "ஸேர், என்ன கெமரா? எத்தன மெகாபிக்ஸல்?" என்று கேட்டவர்கள் அதைவிட அதிகம். இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உம்மாவின் மூத்த சகோதரர். இளம் வயதில் சங்கு குளித்தவர், பிறகு சிலிண்டர் போட்டுக் கடலட்டைக்கு இறங்கியவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தார். வள்ளத்தில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துப் போய்விட்டது. இன்றைக்கும் தடியூன்றித்தான் நடக்கிறார். ஆழத்தில் அமுக்கம் கூடிய காற்றைச் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. மெதுவாக ஏறினால் அது மூச்சோடு வெளியேறும். வேகமாக ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். கல்வியியற் கல்லூரியில் இதைப் படித்துவிட்டு வந்து மாமாவிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத அப்ப எங்களுக்கு யாரும் செல்லித் தரல்லயே" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

அவர் கடைசியாகக் கடலுக்குள் தலை வைத்துப் பல வருடம். வீட்டு முற்றத்தில் இருந்துகொண்டு எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்த மீன் நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்றுதான் நான் கெமராவோடு இறங்கத் தொடங்கினேன். கலைக்காக இல்லை.

தொடக்கம் கேவலம். ஒன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் பவுச்சில் போனைப் போட்டு இறங்கினேன். போன் போனதுதான் மிச்சம். அடுத்து நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கெமரா. தண்ணீர் புகாது, நல்ல சூம் இருந்தது. மூன்று நான்கு மீற்றர் தள்ளி நின்று மீனை சூம் பண்ணி எடுத்தேன். ஐம்பது படம். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "என்ன மருமகன், எல்லாம் பச்சப் புகையா இரிக்கு? கடல் இப்படித் தூரமா இரிக்காது. கடல் மூஞ்சோட முட்டிக்கிட்டு இரிக்கும்" என்றார்.

கெமரா பற்றி எனக்குக் கிடைத்த முதல் சரியான பாடம் அதுதான்.

தரம் 10, 11 பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிற விடயம்தான் இது. வெள்ளை ஒளியில் சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்கும். ஐந்து மீற்றர் போகும்போதே சிவப்பில் பெரும்பகுதி இல்லை, பத்து மீற்றரில் கிட்டத்தட்ட எல்லாம் நீலமும் பச்சையும்தான். ஆழம் மட்டும் கணக்கு இல்லை. மேலிருந்து கல்லுக்கு நான்கு மீற்றர், கல்லிலிருந்து கெமராவுக்கு மூன்று மீற்றர் என்றால் ஒளி ஏழு மீற்றர் தண்ணீரைக் கடந்துதான் வருகிறது. தண்ணீரில் மிதக்கும் தூசி வேறு. இதற்கு மெகாபிக்ஸலால் ஒன்றும் செய்ய முடியாது. செய்யக்கூடியது ஒன்றே: இடையிலுள்ள தண்ணீரைக் குறைப்பது. அதாவது கிட்டப் போவது. கிட்டப் போனால் சாதாரண வில்லையில் முழுக் கல்லும் அடங்காது, ஒரு மூலைதான் வரும். அதற்குத்தான் அகலக் கோண வில்லை. நிறையக் காட்சியை அடக்குவதற்கு என்று நான் நினைத்திருந்தேன். கடலுக்குள் அதன் வேலை, கல்லுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றும் முழுக் கல்லையும் எடுக்க விடுவது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளாஸ் தண்ணீரில் பென்சிலை வைத்தால் முறிந்த மாதிரித் தெரியுமே, அதே ஒளி முறிவுதான். கெமராவின் முன்கண்ணாடி தட்டையாக இருந்தால், தண்ணீரிலிருந்து காற்றுக்குள் வரும் கதிர் வளைந்து, எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். தண்ணீரின் முறிவுச் சுட்டி 1.33 என்பதன் விளைவு அது. கரையில் 84 பாகை பார்க்கிற வில்லை தண்ணீருக்குள் 60 பாகைதான் பார்க்கும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தைக் கடல் பிடுங்கிக்கொள்கிறது. அரைக்கோள வடிவக் கண்ணாடி, டோம் என்பார்கள், அதைப் போட்டால் கதிர்கள் கிட்டத்தட்ட நேராக உள்ளே வரும், அகலம் திரும்பக் கிடைக்கும். ஆனால் டோமே ஒரு வில்லை மாதிரி வேலை செய்து, தூரத்திலுள்ளதையும் கண்ணாடிக்கு மிகக் கிட்ட இருப்பது போலக் கெமராவுக்குக் காட்டும். அதனால் மிகக் கிட்டத்தில் போகஸ் ஆகாத வில்லையை டோமுக்குப் பின்னால் வைத்துப் பயனில்லை. வாங்க முன் இதைக் கட்டாயம் பாருங்கள். மீன்கண் வில்லைகள், அதாவது பிஷ்-ஐ, பெரும்பாலும் மிகக் கிட்டத்தில் போகஸ் ஆகும். சிறிய டோமோடும் ஒத்துப்போகும். நேர்கோடு வளையுமே என்று கரையில் அதை ஒதுக்குவார்கள். முருகைக்கல்லில் எங்கே நேர்கோடு இருக்கிறது?

நிலாவெளியில் வள்ளத்துக்குக் காத்திருந்தபோது ஒரு வெளிநாட்டுக்காரரின் சாமானைத் தூக்கிப் பார்த்தேன். அலுமினிய உறை, எட்டு அங்குலக் கண்ணாடி டோம், இரண்டு பக்கமும் நண்டுக்கை மாதிரி நீட்டிய இரண்டு ஸ்ட்ரோப் விளக்கு. எல்லாம் சேர்த்து நம்மூர் மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டும் என்றார். கொண்டுவர இரண்டு பெட்டி, விமானத்தில் மேலதிக நிறைக்குக் காசு. தண்ணீரில் இறங்கவே அவருக்கு அரை மணித்தியாலம் போனது. அவர் எடுத்த படங்கள் அருமை, பொறாமையாக இருந்தது. ஆனால் நான் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் திருகோணமலை போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் நிலாவெளி போய், வள்ளம் ஏறுகிறவன். புத்தகப் பைக்குள் அடங்காத எதுவும் எனக்கு இரண்டாம் தடவை வராது.

நான் முடிவு செய்தது பாவித்த ஒலிம்பஸ் டிஜி-6. கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்தார். (கொண்டுவரச் சொல்பவர்கள் கவனிக்க: மேலதிக பற்றரிகளைக் கைப்பைக்குள்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது.) உறை இல்லாமலே 15 மீற்றர் தாங்கும். ஸ்நோர்க்கலில் மூச்சுப் பிடித்து இறங்குகிற எனக்கு அது தாராளம். அதன் முன்னால் மாட்ட அதே கம்பனியின் சிறிய மீன்கண் இணைப்பு வில்லை ஒன்று. வெறும் கெமராவைவிட எவ்வளவோ அகலம், உள்ளங்கையில் அடங்கும். தண்ணீருக்குள் போனதும் கெமராவுக்கும் இணைப்புக்கும் நடுவே காற்றுக் குமிழி சிக்கும். ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள். முதல் நாள் முழுப் படத்திலும் வட்டம் வட்டமாக வந்தது அதனால்தான்.

காசு குறைவென்றால் பழைய கோப்ரோ போதும். உறை இல்லாமலே 10 மீற்றர் தாங்கும் மாதிரியா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், அகலம் பிறவியிலேயே இருக்கிறது. மிகக் கிட்டத்திலுள்ள சின்னச் சாமான் தெளிவாக வராது, அவ்வளவுதான். ஏற்கனவே வில்லை மாற்றும் கெமரா வைத்திருப்பவர்கள் உறை வாங்குவதானால் சிறிய அக்ரிலிக் டோமைப் பாருங்கள். கண்ணாடி டோமைவிடப் பாரம் குறைவு. கீறல் சீக்கிரம் விழும், ஆனால் மெருகு போட்டு எடுக்கலாம். பாதி வானம் பாதி கடல் படம் எடுக்கும் ஆசை இருந்தால் மட்டும் பெரிய டோம். சிறியதில் அலைக்கோடு ஒழுங்காக நிற்காது. பிளாஷை அணைத்து வையுங்கள். வில்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஷ் முன்னாலுள்ள தூசியைத்தான் வெளிச்சமாக்கும், படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. அதனால்தான் அந்த வெளிநாட்டுக்காரரின் விளக்குகள் அவ்வளவு தள்ளி நின்றன. மூன்று நான்கு மீற்றரில் முதுகுப் பக்கம் வெயில் இருந்தாலே போதும்.

ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி, ஒரு மண் துகள் இருந்தால் கெமரா போய்விடும். கடற்கரையில் மூடியைத் திறக்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, பிறகு திறவுங்கள்.

ஒரு சின்ன விலகல். திருகோணமலைக் கடலுக்குள் கெமரா இறங்கியது புதிதல்ல. ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்தபோதே மைக் வில்சனோடு இங்கே சுழியோடினார். சுவாமி மலையடியில் மூழ்கிக் கிடந்த பழைய கோணேஸ்வரத்தின் எச்சங்களை அவர்கள் அப்போது பார்த்தார்கள். அந்த வில்சன்தான் 1962இல் வந்த முதல் சிங்கள வர்ணப் படத்தைக் கடலடிக் காட்சிகளோடு எடுத்தவர். 1963இல் நிக்கொன் கம்பனி நிக்கொனோஸ் என்ற கடலடிக் கெமராவை விட்டது. பிறகு அதற்கென ஒரு 15 மில்லிமீற்றர் அகல வில்லை செய்தார்கள், தண்ணீருக்குள் மட்டுமே சரியாகப் பார்க்கும்படி. கரைக்கு வந்தால் உதவாது. எங்கள் மாமா மாதிரி என்று வீட்டில் சொன்னேன், உம்மா ஏசினார்.

சரி, அழித்த படம்.

லைக் எல்லாம் வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போனை மாமாவிடம் கொடுத்தேன். இந்தத் தடவை புகை இல்லை. நீண்ட நேரம் பார்த்தார். "இதுதான்... இப்படித்தான் இரிக்கும்" என்றார். எனக்குத் தலை கால் தெரியவில்லை. பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி இடது பக்க மூலைக்குக் கொண்டுபோனார்.

"மருமகன், இந்தக் கறுப்பு என்ன?"

"பின்ஸ், மாமா. காலுக்குப் போடுறது."

"யார்ட காலு?"

என் கால். கல்லுக்கு நேர் மேலே நிமிர்ந்து நின்று எடுத்திருக்கிறேன். அகல வில்லை எல்லாவற்றையும் பார்க்கும், என் காலையும் பார்த்திருக்கிறது. அந்தப் பின்ஸின் நுனிக்குக் கீழே மான்கொம்பு முருகைக்கல்லின் மூன்று கிளை முறிந்து, முறிந்த இடம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் புது முறிவு. இத்தனை பேர் பார்த்த படத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. மான்கொம்பு வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். அது தேசியப் பூங்கா, முருகைக்கல்லை உடைப்பது சட்டப்படி குற்றம். இதை வகுப்பில் படிப்பிக்கிறவன் நான்.

"நீங்களும் கல்லப் பிரட்டித்தானே மாமா அட்டை எடுத்தீங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஓம், பிரட்டினம், ஒடச்சம். வயித்துக்கு. நீ எதுக்கு?"

அன்றிரவே அழித்தேன்.

கிட்டப் போ என்று சொன்னவரும் அவர்தானே என்று இரண்டு நாள் உள்ளுக்குள் கோபமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, கிட்டப் போக வேண்டியது வில்லை, நான் இல்லை. இப்போது அரை மீற்றர் நீளத் தடி ஒன்றில் கெமராவை மாட்டி நீட்டிப் பிடிக்கிறேன். உடம்பு தண்ணீருக்கு மேல் மட்டத்தில் படுத்தபடி, கால் பின்னால். திரையைப் பார்க்க முடியாது, பத்தில் ஏழு படம் கோணல். அகலம் அதிகம் என்பதால் மிச்ச மூன்றில் கல் அடங்கிவிடுகிறது. அந்தப் பெரிய அலுமினிய உறையை இப்படி ஒரு கையால் நீட்டிப் பிடிக்க முடியாது. பாரம் குறைந்ததை வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு பஸ் மட்டும் காரணமில்லை. முதலில் வெறும் மணலுக்கு மேல் இரண்டு மூன்று நாள் பழகுங்கள். கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிய வேண்டும். அதுவரை கல்லுப் பக்கம் போக வேண்டாம்.

முறிந்த கிளைகளை மூன்று வாரம் கழித்துத் தேடிப் போனேன். ஒன்றில் வெள்ளைக்கு மேல் பாசி பிடித்திருந்தது. மற்ற இரண்டும் அடையாளம் தெரியவில்லை. அதைப் படம் எடுத்து மாமாவுக்குக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல், அந்தக் கல்லின் வடக்குப் பக்கம் ஒரு பிளவு இருக்கும், அதற்குள் இப்போதும் களவா நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும், பிறகு சித்திரை தாண்டும்வரை போக முடியாது. அதற்கு முன் ஒரு சனிக்கிழமை போகிறேன். நீந்தத் தெரிந்த தம்பிமார் வருவதானால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கெமரா என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, மாறி மாறிப் பிடிக்கலாம். தடியும் இருக்கிறது.