வாசலில் நிற்கும் மின்சாரம்

வண்டி என்பது வீட்டின் செலவில் வாழ்வது என்றே நாம் பரம்பரையாக எண்ணிப் பழகியவர்கள். மாட்டுக்குப் புல்லும் பிண்ணாக்கும், மோட்டாருக்குப் பெட்ரோலும் வீட்டுப் பணத்திலிருந்து போகவேண்டுமேயன்றி, வண்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு வரும்படி உண்டென்று எந்தச் சம்சாரியும் கணக்கு எழுதியதில்லை. (சாணத்தை வேண்டுமானால் விலக்காகக் கொள்ளலாம்.) மின்சாரக் கார் வந்த பிறகு அந்தக் கணக்கில் ஒரு வரவுப் பத்தியும் சேர்ந்திருப்பதை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

2023 டிசம்பர் 4-ம் தேதி, மிக்ஜாம் புயல் சென்னைக்கு எதிரே கடலில் மெத்தனமாக ஊர்ந்துகொண்டே மழையைக் கொட்டியபோது, விபத்தைத் தவிர்க்க வேண்டி நகரின் பல பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். நங்கநல்லூரில் என் தமக்கை வீட்டில் நான் அகப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்வெர்ட்டர் தன்னால் இயன்றவரை உழைத்துவிட்டு, பொழுது சாயும் வேளையில் ஒரு கூவல் கூவி ஓய்ந்தது. மருமான் போர்ட்டிகோவில் நின்ற வண்டியின் சார்ஜ் ஏற்றும் வாயில் ஓர் இணைப்பைச் செருகி, அதன் மறுமுனையில் எக்ஸ்டென்ஷன் வயரை மாட்டி ஜன்னல் கம்பி வழியாக உள்ளே இழுத்தான். முதலில் ஃபிரிட்ஜ் முனகிற்று, பிறகு கூடத்து மின்விசிறி சோம்பலாகச் சுழலத் தொடங்கிற்று.

சூட்சுமம் பெரிதல்ல. சுவரிலிருந்து வருகிற மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிற அதே சாதனம், இப்போது திசை திரும்பி வேலை செய்து, உள்ளே இருப்பதை வீட்டுக்கு உகந்த 230 வோல்ட்டாக வெளியே தருகிறது. 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றில் அடங்குவது 2 யூனிட்டுக்கும் குறைவு. அவனுடைய டாடா நெக்ஸானில் அடங்குவதோ சுமார் 40 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை இலவசமாக வழங்கும் நம் மாநிலத்தில், 24 நாளைய இலவச மின்சாரம் ஒரு வண்டியின் வயிற்றில் இருக்கிறதென்றால் அது அற்ப ஐசுவரியமா? ஆனால் ஒரே சமயத்தில் எடுக்கக்கூடியது ஏறக்குறைய 3 கிலோவாட்தான்.

“ஏண்டா, மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்பிடலாமா?” என்றாள் அக்கா.

“ஓடும்போது அது சாதும்மா. கிளம்பும்போதுதான் ராட்சசன்” என்றான் அவன்.

ஒரு குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது கேட்பது ஒரு பங்கென்றால், கிளம்பும் கணத்தில் பல பங்கு இழுக்கும் என்பதே அதன் பொருள். வயரைச் சுவர்ப் பிளக்கிலேயே செருகி வீடு முழுவதற்கும் பாய்ச்சிவிடலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனையை மட்டும் அவன் கடுமையாகவே மறுத்தான். அப்படிச் செய்தால் மின்சாரம் வெளிக் கம்பியில் திரும்பி ஏறி, எங்கோ கம்பத்தின்மேல் நிற்கும் லைன்மேனின் உயிரைக் குடிக்கும், சேஞ்ச்ஓவர் சுவிட்சு இல்லாமல் அந்த விஷப்பரீட்சை கூடாது என்றான்.

இந்த உபாயத்துக்கு வழிகாட்டியது ஜப்பான் தேசம். 2011 மார்ச் 11-ம் தேதி நேர்ந்த பூகம்பத்தையும் ஆழிப்பேரலையையும் அடுத்து மின் தட்டுப்பாட்டில் தவித்த அந்த நாட்டில், 24 யூனிட் கொள்ளும் லீஃப் காரிலிருந்து ஒரு சராசரி வீட்டை இரண்டு நாள் நடத்தக்கூடிய ஏற்பாட்டை நிஸான் 2012-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

என்னைச் சிந்திக்க வைத்தது யந்திரத்தின் சாமர்த்தியத்தைக் காட்டிலும், அது அந்த வீட்டு மனிதர்களின் சுபாவத்தில் உண்டாக்கிய மாறுதல்தான். கம்பி வழியே வருகிற மின்சாரத்துக்கு முடிவென்பது கண்ணில் படுவதில்லை. ஆகவே ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றுவதும் நம்மை உறுத்துவதில்லை. இங்கேயோ வண்டித் திரையில் சதவிகிதம் ஒவ்வொன்றாக இறங்குவதை நடுநிசியில்கூட ஒருவர் மாற்றி ஒருவர் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்து வந்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் கேட்கும் ஃபிரிட்ஜில் எதிர்வீட்டு முதியவரின் இன்சுலின் இருந்தபடியால் அதற்கு முதல் மரியாதை; தெருவார் கொண்டுவந்த செல்போன்களுக்கு இரண்டாவது; தொலைக்காட்சிக்கு இடமே இல்லை. இதற்கு மேலும் ஒரு தர்மசங்கடம்: விளக்கும் பிரயாணமும் ஒரே கையிருப்பிலிருந்து போகவேண்டியவை. இரவில் யாருக்காவது மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கென்று பாதியைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தை, சீரியல் பார்க்க இயலாத தமக்கையே முன்மொழிந்தாள் என்பதைப் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இத்தனை சௌகரியத்துக்கும் நடுவே நம் ஊருக்கே உரிய விசித்திரம் ஒன்று உண்டு. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. பேட்டரியை எவ்வளவு இறுக மூடியிருந்தாலும், முழங்கால் வெள்ளத்தில் வண்டியை விட்டுவைக்க யாருக்குத் துணிவு வரும்? பாலத்தில் ஏற்றினால் வீடு இருளும். வீட்டில் வைத்தால் வண்டி நனையும். மருமான் போர்ட்டிகோவை இரண்டடி உயர்த்திச் சரிவு கட்டக் கொத்தனாரை அழைத்து வந்தான். சரிவு வாசல் வரை நீண்டு கோலம் போடும் இடத்தை விழுங்கிவிடும் என்று அக்கா வழிமறித்தாள். ஒன்றரை அடிக்குப் பேரம் நடக்கிறது.