குன்றின்மேல் ஒரு பசியாறல்

அயல்நாட்டுப் பயணம் மேற்கொள்வோர் எல்லாரும் ஒரே நோக்குடன் செல்வதில்லை. கோபுரங்களின்முன் நின்று நிழற்படம் எடுத்துத் திரும்புவோர் உளர். கடைவீதிகளிலேயே விடுமுறையைக் கழித்து விடுவோரும் உளர். ஒரு நாட்டு மக்கள் எதனை, எவ்வாறு, எவரோடு உண்கின்றனர் என்று காண்பதற்காகக் கடல் கடப்போர் மிகச் சிலரே. பேராக் மாநிலத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் துணைவியாருடன் பிரான்சுக்குச் சென்றபோது, அச்சிலருள் ஒருவராகத் தாம் மாறுவோம் என்று எண்ணியிருக்கவில்லை. ஈபெல் கோபுரத்தைக் கண்ணாரக் காணவேண்டும் என்பதே அவர்தம் நெடுநாள் ஆசை. சோற்றைப் பற்றிய கவலை முழுவதும் துணைவியாருடையது. அவ்வம்மையார் பெட்டியின் ஓரத்தில் ஊறுகாய்ப் புட்டி ஒன்றும் கருவாட்டுச் சம்பால் புட்டி ஒன்றும் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதைக் கண்ட ஆசிரியர், “ஊறுகாய் இருக்கட்டும். அந்தச் சம்பாலை மட்டும் தங்கும் அறையில் திறந்துவிடாதே, வாடை வெளியில் போகும்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பாரிசு மாநகரில் முதற்பாடம் ஒரு ரொட்டிக் கடையில் கிடைத்தது. காலையில் உள்ளே நுழைந்த ஆசிரியர், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைச் சுட்டிக்காட்டி, “இரண்டு” என்று ஆங்கிலத்தில் கேட்டார். விற்பனை செய்த இளம்பெண், “போன்ஜூர்” என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றாள். அவர் மீண்டும் சுட்டிக்காட்டினார். அவளும் மீண்டும், சற்றே அழுத்தமாக, “போன்ஜூர்” என்றாள். பின்னால் நின்ற துணைவியார்தாம் நிலைமையை உணர்ந்து, தமக்குத் தெரிந்த உச்சரிப்பில் அச்சொல்லைத் திருப்பிச் சொன்னார். உடனே அப்பெண்ணின் முகம் மலர்ந்தது, ரொட்டியும் வந்தது. வகுப்பறையில் எழுந்து நின்று “வணக்கம் ஐயா” சொல்லாத மாணவனை எத்தனை முறை நிற்க வைத்திருப்பார் அவ்வாசிரியர்! முதலில் மனிதரை வணங்கு, பிறகு பொருளைக் கேள் என்னும் ஒழுங்கு அங்கே கடைத்தெருவிலும் நடைமுறையில் இருந்தது. பிரெஞ்சு மக்கள் இறுமாப்புடையவர்கள் என்று திரும்பி வந்து குறை கூறுவோருள் பலர், இந்த ஒரு சொல்லைச் சொல்ல மறந்தவர்களாகவே இருக்கக்கூடும்.

ரொட்டியை அந்நாட்டார் எளிய பொருளாகக் கருதுவதில்லை. 1993ஆம் ஆண்டு அரசு ஆணையின்படி, ‘மரபு ரொட்டி’ என்னும் பெயரில் விற்கப்படுவதில் கோதுமை மாவு, நீர், உப்பு, மாவைப் பொங்கச் செய்யும் புளிப்பு ஆகியனவே அடிப்படைப் பொருள்கள். வேதிச் சேர்க்கைகளுக்கு இடமில்லை. எந்தக் கட்டத்திலும் உறைய வைத்தலும் கூடாது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. மாவு பிசைவது முதல் சுடுவது வரை அதே இடத்தில் செய்யும் கடையே தன்னை ‘ரொட்டிக் கடை’ என்று அழைத்துக்கொள்ளலாம். ஒரு சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமியற்றிய நாடு அது! நீண்ட கோல்போன்ற ‘பகெத்து’ ரொட்டியைச் செய்யும் கைத்திறனும் பண்பாடும் 2022ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அதற்கு அடுத்த ஆண்டு, பாரிசு மாநகரில் ஆண்டுதோறும் நடைபெறும் பகெத்துப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர் இலங்கையில் பிறந்து பிரான்சில் தொழில் கற்ற தர்ஷன் செல்வராஜா என்பார். வெற்றி பெற்றவர் ஓராண்டுக் காலம் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி வழங்குவது அப்போட்டியின் வழக்கம். இச்செய்தியை லா சப்பேல் பகுதியிலுள்ள தமிழ்க் கடையொன்றில் கேள்வியுற்ற துணைவியார், அன்று முழுவதும் ரொட்டியைக் குறை கூறவே இல்லை.

இரண்டாம் பாடம் பசியோடு கற்றது. அருங்காட்சியகத்திலிருந்து வெளிவந்து உணவகம் ஒன்றை அடைந்தபோது மணி இரண்டரை. அடுக்களை மூடிவிட்டது என்றார்கள். இரவு ஏழு மணிக்கு மேல் வரலாமாம். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடைகளுக்குப் பழகிய மலேசியர்க்கு இது விளங்கவில்லை. “வயிறு கடிகாரம் பார்த்தா பசிக்கும்?” என்று ஆசிரியர் சினந்தார். மறுநாள் பன்னிரண்டரைக்கே சென்று அமர்ந்தபோதுதான் காரணம் புலப்பட்டது. அங்கே நண்பகல் உணவு என்பது ஒரு தட்டு அன்று, ஒரு நிகழ்ச்சி. தொடக்க உணவு, பின்னர் மீனோ இறைச்சியோ காய்கறியுடன், அதன்பின் பாலாடைக்கட்டி, இறுதியில் இனிப்பு. ஒன்று முடிந்து தட்டு அகற்றப்பட்ட பின்னரே மற்றொன்று வரும். ரொட்டிக் கூடைக்கும் குவளை நீருக்கும் காசில்லை. உண்டு முடித்த பின்னும் எவரும் எழுப்புவதில்லை. கேட்டாலன்றிக் கணக்குச் சீட்டு வருவதுமில்லை. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது தனியொரு பிரெஞ்சுப் பண்டம் அன்று. பலர் கூடி அமர்ந்து முறைப்படி உண்ணும் இந்த விருந்து மரபே என்பது கருதத்தக்கது.

பாரிசில் ஐந்து நாள்கள் கழித்து, விரைவுத் தொடர்வண்டியில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து, இருவரும் லியோன் நகரை அடைந்தனர். ரோன், சோன் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்த நகரம் அது. மேற்கே பூர்வியேர்க் குன்றின்மேல் பேராலயம் நிற்கிறது. வடக்கே குருவா ரூசுக் குன்று. முன்னதைத் தொழும் குன்று என்றும் பின்னதை உழைக்கும் குன்று என்றும் அந்நகரத்தார் கூறுவர். துணைவியார் தொழும் குன்றுக்கு முதலில் செல்ல விரும்பினார். சென்று வணங்கியும் வந்தார். எனினும் அவர்கள் பெரும்பொழுதைக் கழித்தது உழைக்கும் குன்றில்தான்.

அக்குன்றில் வாழ்ந்தவர்கள் ‘கனூ’ எனப்பட்ட பட்டு நெசவாளர்கள். லியோன் நகரத்து ஜக்கார் என்பார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த தறி மிக உயரமானது. ஆகையால் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரக் கூரை கொண்ட வீடுகளை அங்கே கட்டினர். உயரம் தறிக்காக, மனிதர்க்காக அன்று. அறையின் பெரும்பகுதியைத் தறி அடைத்துக்கொள்ள, நெசவாளர் குடும்பம் மேலே பலகைப் பரண் அமைத்து உறங்கியது. நெய்த பட்டை மழையில் நனையாமல் கொண்டுசெல்ல, வீடுகளை ஊடுருவிச் செல்லும் நடைவழிகள் பயன்பட்டன; இன்றும் அவற்றுள் பலவற்றில் நடக்கலாம். 1831ஆம் ஆண்டு நெசவுக் கூலிக்கு ஒரு குறைந்த அளவு உறுதி செய்யப்பட்டது. வணிகருள் சிலர் அதனை ஏற்க மறுத்தனர். நவம்பர் மாதத்தில் நெசவாளர்கள் குன்றிலிருந்து இறங்கி வந்து நகரையே கைப்பற்றினர். டிசம்பர்த் தொடக்கத்தில் அரசுப் படை வந்து நகரை மீட்டது. 1834இல் மீண்டும் எழுந்தனர். அந்த எழுச்சி குருதியில் அடங்கியது.

கனூக்கள் இல்லத்தில், இன்றும் இயக்கிக் காட்டப்படும் தறியின் முன்னே ஆசிரியர் நெடுநேரம் நின்றார். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் பற்றி மாணவர்க்குப் பலமுறை கூறியவர் அவர். பால்மரம் வெட்டியவரின் மகனும் ஆவார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஓர் உணவகத்திற்குச் சென்றனர். ‘பூஷோன்’ எனப்படும் இவ்வகை உணவகங்கள் லியோன் நகரத்திற்கே உரியவை. சிவப்புக் கட்டமிட்ட விரிப்பு, தோளோடு தோள் உரசும் மேசைகள், அடி தடித்த 46 செண்டிலிட்டர்க் கண்ணாடிக் குடுவையில் திராட்சை மது. காலை ஒன்பது மணிக்கு மதுவா என்று துணைவியார் திகைத்தார். பக்கத்து மேசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அத்திகைப்பைக் கண்டு நகைத்து, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். இதற்கு ‘மாஷோன்’ என்று பெயர். விடியுமுன் தறியில் அமர்ந்த நெசவாளர்க்கு ஒன்பது மணிக்குள் அரைநாள் உழைப்பு முடிந்துவிடும். அப்போது அவர்கள் வயிறார உண்ட உணவே இது.

“பசியாறல்!” என்றார் ஆசிரியர், தமிழிலேயே.

முதியவர் ஒவ்வொரு தட்டையும் காட்டி, அது யாருடைய உணவு என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாட்டின் இரைப்பையை வெங்காயத்துடன் வதக்கியது ஒன்று. பன்றிக்குடலைத் திணித்துச் செய்தது மற்றொன்று. நல்ல இறைச்சி முதலாளி வீட்டுக்குப் போனது. குடலும் இரைப்பையும் எங்களுக்கு வந்தன. நாங்கள் அவற்றைச் சமைக்கக் கற்றோம் என்றார் அவர். அவர் குரலில் வருத்தமில்லை; பெருமிதமே இருந்தது. மாட்டிறைச்சி உண்ணாத தம்பதியர் அவற்றைத் தவிர்த்து, காடியும் எண்ணெயும் சேர்த்த பருப்பையும், ‘கெனெல்’ என்பதையும் வாங்கினர். ஆற்றுமீனை மசித்து மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து நீள்கொழுக்கட்டை வடிவில் பிடித்து, குழம்பில் இட்டுச் சுடுவது கெனெல்; வெந்ததும் பூரித்து எழுகிறது. பின்னர் ‘கனூவின் மூளை’ என்ற பெயரில் ஒரு கிண்ணம் வந்தது. துணைவியார் கரண்டியை வைத்துவிட்டார். அது மூளையன்று, இளம் பாலாடைக்கட்டியில் சிறு வெங்காயமும் பசுந்தழையும் உப்பும் மிளகும் ஒலிவ எண்ணெயும் காடியும் கலந்த எளிய பண்டம். ஏழை நெசவாளனை எள்ளி இட்ட பெயர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், அப்பெயரை மறைக்காமல் விலைப்பட்டியலில் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்.

இவ்வுணவை உலகறியச் செய்தவர்கள் பெண்கள் என்பதையும் முதியவர் சொல்ல மறக்கவில்லை. செல்வர் வீடுகளில் சமையற்காரிகளாக இருந்த பெண்கள் பலர் வெளியேறித் தாமே உணவகம் வைத்தனர். அவர்களை ‘அம்மா’ என்றே ஊரார் அழைத்தனர். அவ்வழியில் வந்தவர் எழேனி பிராசியே. 1895இல் பிறந்து, இளமையில் தாயை இழந்து, பண்ணையில் வேலை செய்து வளர்ந்தவர். 1921இல் சிறிய உணவகம் தொடங்கிய அவர், 1933இல் இரண்டு உணவகங்களுக்கும் மும்மூன்று மிஷெலின் விண்மீன்களைப் பெற்றார். புகழ்பெற்ற போல் பொக்கூசு, இளைஞராக இருந்தபோது இவ்வம்மையாரின் அடுக்களையில் பயின்றவரே.

ஆசிரியர் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நினைவு 1983ஆம் ஆண்டுக்குச் சென்றிருந்தது. பயிற்சி முடித்து ஆசிரியராகப் பணியேற்ற ஆண்டு அது. பட்டணத்து நண்பர் இருவர் தோட்டத்து லயத்திற்கு வந்திருந்தனர். அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கையும் கருவாட்டுச் சம்பாலையும் மங்குத் தட்டில் எடுத்து வந்தார். மகன் வாசலிலேயே வழிமறித்து, “இதையெல்லாம் வைக்காதீர்கள், அம்மா” என்று தாழ்ந்த குரலில் சொல்லி, கடையில் வாங்கிய ரொட்டியையும் டின் சார்டினையும் வைக்கச் செய்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. வெட்டு முடித்து வந்த அப்பா அதே கிழங்கைப் பின்கட்டில் அமர்ந்து உண்டார். வழக்கமாகப் பிற்பகலில் உரக்கப் பேசி உண்ணும் மனிதர், அன்று ஓசையின்றி உண்டார்.

இன்று அவ்விருவரும் இல்லை.

அன்று மாலை குன்றிலிருந்து இறங்கும்போது ரொட்டிக் கடையில் நுழைந்து, இம்முறை தாமே முந்திக்கொண்டு “போன்ஜூர்” சொல்லி, ஆசிரியர் ஒரு பகெத்து வாங்கினார். தங்கும் அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது அம்மா செய்கிற மாதிரியா?” என்று கேட்டார்.

“அத்தை சொல்லிக் கொடுத்ததுதான். நீங்கள் கேட்டதேயில்லை” என்றார் துணைவியார். மூடியைத் திருகியதும் வறுத்த மிளகாயும் கருவாடும் கலந்த மணம் அறையெங்கும் பரவியது. வழிநடை வரையில் போயிருக்கும். “சன்னலைத் திறக்கட்டுமா?” என்று அவர் எழுந்தார்.

“இருக்கட்டும், உட்கார்” என்று சொல்லி, ஆசிரியர் ரொட்டியைக் கையால் பிய்த்து முதல் துண்டைத் துணைவியாரிடம் நீட்டினார்.