கூழுக்கேற்ற பானம்

புங்குடுதீவு மடத்துவெளியில் எம் இல்லத்தில் ஒடியற்கூழ் காய்ச்சும் நாள்களில், தந்தையார் பிலாவிலையில் கூழும் அருகே பனங்கள்ளுமாய் அமர்ந்திருப்பார். போர்க்காலத்திற் பாரிஸ் சென்ற தம்பியைக் காணப் போனபோது ஒடியல் மா கொண்டுபோனேன். நண்டும் மீனும் இட்டுக் கூழ் காய்ச்சினோம்.

தம்பி முதலில் போர்தோச் சிவப்பு வைனை வார்த்தான். அதன் துவர்ப்பு மிளகாயின் எரிவை மிகுவித்தது. பின்னர் அல்சாஸ் பகுதியின் கெவுர்ஸ்ட்ராமினர் என்னும் வெள்ளை வைன் வந்தது. மணமும் சிறிது இனிப்பும் உடைய அதனை அருந்த, நா ஆறிற்று. அல்சாஸ் மக்கள் தம் புளித்த முட்டைக்கோசு உணவுக்குத் தம் ஊர் வெள்ளை வைனையே துணையாகக் கொள்வர்.

"இது பொருந்துது, அண்ணை. ஆனால் ஐயாவின்ரை கள்ளு மாதிரி இல்லை" என்றான்.

தந்தையாரின் இறுதிக் கிரியைக்கு வர இயலாதவன் அவன். நான் ஒன்றும் கூறவில்லை. அவன் கிண்ணத்தில் இன்னும் ஓர் அகப்பை கூழ் வார்த்தேன்.