பிரித்துப் போடுகிற வேலை

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் இன்றோடு முடிகிறது. என் கம்ப்யூட்டர் 2016-இல் வாங்கியது, இன்டெல் ஆறாம் தலைமுறை ப்ராசஸர். விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை அப்டேட் நீட்டித்துத் தருகிறார்கள். ஆனால் அடுத்த வருடம் இதே வாசலில்தான் மறுபடி நிற்க வேண்டும்.

கடையில் விலை கேட்டேன். புதிது 36,000 ரூபாய். தட்டச்சும் லே-அவுட்டும் சேர்த்துப் பக்கத்துக்கு 30 ரூபாய் வாங்குகிறேன். அப்படியானால் 1,200 பக்கம். ஓடிக்கொண்டிருக்கிற நல்ல மெஷினை ஓரங்கட்டுவதற்காக நான் அடித்துக் கட்ட வேண்டிய பக்கங்கள் அவை.

அக்டோபர் 16, வியாழன்

அக்கா மகன் வந்தான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸை, பள்ளியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில்தான் முதலில் பார்த்தவன். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதில் இருந்தது. “சித்தி, பயப்படாதீங்க. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தனியா வெச்சிடலாம். புது டிஸ்க்ல போட்டுப் பாப்போம். பிடிக்கலைன்னா திரும்ப மாட்டிக்கலாம்” என்றான். அந்தக் கடைசி வரிதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

லினக்ஸ் மின்ட் 22 போட்டோம். 2029 வரை அப்டேட் உண்டு. ஏற்றி முடிக்க அரை மணிகூட ஆகவில்லை. மெஷின் முன்பைவிட வேகமாக எழுந்திருக்கிறது. ஆனால் பக்கம் கட்டி எனக்குச் சோறு போட்ட பேஜ்மேக்கர் இதில் இல்லை. 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. செத்துப்போன மென்பொருளை இருபத்து நான்கு வருடமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது எங்கள் தொழில்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு நான்கு புத்தகங்கள் கையில். முதலாவது பழைய புத்தகத்தின் மறுபதிப்பு, 240 பக்கம். பாமினி ஃபான்டில் நானே எப்போதோ அடித்தது. பதிப்பாளர் மின்நூலும் கேட்கிறார், ஆகவே யூனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும்.

பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் மெஷினுக்குள் தமிழே இருக்காது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் இருக்கும். ஃபான்ட் அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. ஃபான்டை எடுத்துவிட்டால் அம்மா இல்லை. யூனிகோடில் அ என்றால் எந்த மெஷினிலும் அ.

மாற்றித் தரும் நிரல்கள் இருக்கின்றன. 240 பக்கமும் சில நொடிகளில் மாறிவிட்டன. வாசித்துப் பார்த்தால் ‘மௌனம்’ எல்லாம் ‘மெளனம்’ ஆகிக் கிடக்கிறது. பழைய ஃபான்டில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே கட்டைதான். எது எதுவென்று நிரலுக்குத் தெரியாது. ‘மெள’ வரும் இடமெல்லாம் ‘மௌ’ என மொத்தமாக மாற்றினேன். ‘மெள்ள நடந்தாள்’ என்ற வரியில் மெள்ள உடைந்துபோனது. அதைத் திருப்பிவிட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன். இரவு பதினொன்று வரை 38 பக்கம்.

அக்டோபர் 25, சனி

பக்கம் கட்ட ஸ்கிரைபஸ். 2024-இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் எழுத்து சிதறாமல் நிற்கிறது. விசைப்பலகைக்குத் தமிழ்99-உம் இருக்கிறது, பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. தமிழ்99 தமிழக அரசு 1999-இல் தரமாக அறிவித்தது. அதில் அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. புள்ளி தானாக விழும். அறிவு அதைக் கேட்கிறது, விரல் கேட்க மாட்டேன் என்கிறது. சீசன் முடியும்வரை டைப்ரைட்டர் முறையில் வேலை, இரவில் அரை மணி தமிழ்99 பழக்கம் என்று முடிவு செய்தேன்.

பத்து நாளில் நான் முடித்தது 90 பக்கம். வழக்கமாக 250 பக்கமாவது ஆகியிருக்கும். கற்றுக்கொண்ட நாளுக்குக் கூலி இல்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

எழுபத்தெட்டு வயது அப்பா அருகில் வந்து உட்கார்ந்து பார்த்தார். அச்சகத்தில் கம்போசிட்டராக இருந்தவர். ஸ்டிக்கில் ஈய எழுத்தைக் கோத்துப் பக்கம் கட்டினால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அச்சு முடிந்ததும் அதே எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் அந்தந்த அறையில் போட வேண்டும். கோக்கிற நேரத்தில் கால்பங்காவது அதற்குப் போகுமாம். அதற்குத் தனிக் கூலி அவர் ஒருநாளும் வாங்கியதில்லை. பிறகு கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் டி.டி.பி. வந்தது, கேஸோடு அவர் வேலையும் போனது. அவர் விட்ட இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

இப்போது என் இடமும் அசைகிறது. 2017-இல் கூகுளின் குரல் தட்டச்சு தமிழுக்கு வந்ததிலிருந்து எழுத்தாளர்கள் செல்போனில் பேசியே அனுப்புகிறார்கள். அப்படி வரும் பக்கத்துக்கு எனக்கு 12 ரூபாய். “டைப்பிங்தான் இல்லையே” என்கிறார்கள். சந்தியும் நிறுத்தக்குறியும் இல்லாமல் ஓடி வருகிற அந்த வரிகளைச் சீராக்க, அடிப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும் நாட்களும் உண்டு. வேகம் கூடினால் ரேட் குறைகிறது. வேகத்துக்காக உழைத்தவள் கையில் மிச்சம் ஒன்றும் தங்குவதில்லை. மெஷின்மீது எனக்குக் கோபம் இல்லை. மெஷின் செய்யாமல் விட்ட வேலையைக் கணக்கில் எழுதாமல் இருப்பதுதான் தப்பு. அதை எழுத வேண்டியவள் நான்.

நவம்பர் 3, திங்கள்

மறுபதிப்பு முடிந்தது. பில்லில் முதன்முறையாக இரண்டு வரி எழுதினேன். லே-அவுட் ஒரு வரி. ‘எழுத்துரு மாற்றம், சரிபார்ப்பு: பக்கத்துக்கு 8 ரூபாய்’ இன்னொரு வரி. அனுப்பிய அரை மணியில் போன் வந்தது.

“என்னம்மா இது, சாஃப்ட்வேர் ஒரு நிமிஷத்துல மாத்திடுதே. அதுக்கெதுக்குத் தனி ரேட்டு?”

“சார், சாஃப்ட்வேர் மாத்தினதை அப்படியே அனுப்புறேன். பத்துப் பக்கம் படிச்சுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்.”

திருத்தாத பத்துப் பக்கத்தையும் திருத்தியதையும் சேர்த்து அனுப்பினேன்.

நவம்பர் 5, புதன்

இன்று பணம் வந்தது. எட்டு அல்ல, ஐந்து ரூபாய் வீதம். 240 பக்கத்துக்கு 1,200 ரூபாய். தொகை சின்னது, ஆனால் பில்லில் அந்த வரியை அவர் வெட்டவில்லை. அடுத்த மூன்று புத்தகங்களுக்கும் அப்படியே போடச் சொன்னார்.

சாப்பாட்டு வேளையில் அப்பாவிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை விளக்கியதும் சாதத்தில் வைத்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“பிரிச்சுப் போடுறதுக்கா காசு குடுத்தாங்க?”

“ஆமாப்பா.”