எவரெஸ்ட்டை அளந்த கதை பரங்கிமலையில் தொடங்கியது!

மேடவாக்கம் பக்கம் அரை கிரவுண்டு மனை வாங்கினாலும் முதல் வேலை அளப்பதுதான். சர்வேயர் வருவார், கல் நடுவார். தாம்பரம், வேளச்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் தெற்குப் புறநகர் முழுக்க நிலம் சென்ட் கணக்கில் கைமாறுகிறது. ஆனால், இந்தியாவையே அளப்பதற்கான முதல் கோடும் இங்கேதான் போடப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

அதைப் போட்டவர் வில்லியம் லாம்டன். பிரிட்டிஷ் ராணுவத்தின் 33-வது படைப்பிரிவு அதிகாரி.

நட்சத்திரம் பார்த்த சிப்பாய்

இளம் வயதில் அமெரிக்கப் போரில் கைதியானவர் லாம்டன். பிறகு, இன்றைய கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் குடியேறியவர்களுக்கு நிலம் அளந்து கொடுத்தார். அங்கிருந்து இந்தியா வந்தவர், 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் இருந்தார். ஒரு நள்ளிரவில், தங்கள் படை எதிரி முகாமை நோக்கித் தவறாகப் போவதை நட்சத்திரங்களை வைத்தே கண்டுபிடித்துச் சொன்னாராம்.

போர் முடிந்ததும், தீபகற்பத்தைத் துல்லியமாக அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். புதிதாகப் பிடித்த நிலத்துக்குச் சரியான வரைபடம் கம்பெனிக்கும் தேவைப்பட்டது. அனுமதி கிடைத்தது.

57 நாள், 400 முறை

1802 ஏப்ரல் 10. பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை அளவை தொடங்கியது. இரண்டு முனையிலும் உயரம், நடுவில் சமவெளி. இதற்கு வசதியான இடம்.

அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்றதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது அது! சித்திரை வெயிலில் எஃகு நீளுமே? அதனால் மரப்பெட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, வெப்பத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தினார்கள். இப்படி 400 முறை. ஏழரை மைல் தூரத்தை அளக்க 57 நாள் ஆனது.

இவ்வளவு கவனம் ஏன்? முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். முதல் கோடு பிசகினால் எல்லாமே பிசகும்.

40 மைல் குறைந்த இந்தியா

கோணம் பார்க்க அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி இங்கிலாந்திலிருந்து வந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை முக்கோணங்கள் நீண்டபோது, பழைய வரைபடங்கள் தீபகற்பத்தின் அகலத்தைச் சுமார் 40 மைல் கூடுதலாகக் காட்டியிருந்தது தெரிந்தது.

1808-ல் தஞ்சாவூரில் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கியது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து தானே அதைச் சரிசெய்தார்.

1823 ஜனவரி 20-ல், அளவைப் பயணத்திலேயே, இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இறந்தார். பணியைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். முக்கோணங்கள் இமயம் வரை போயின. உலகின் உயர்ந்த சிகரத்தின் உயரத்தை 1852-ல் கணக்கிட்டவர் வங்கத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 1865-ல் சிகரத்துக்குக் கிடைத்த பெயரோ எவரெஸ்ட்.

லாம்டனுக்குப் பரங்கிமலையில் ஒரு மார்பளவுச் சிலை உண்டு. சங்கிலி தூக்கி, கொடி பிடித்து, காய்ச்சலிலும் காட்டிலும் உயிரைவிட்ட உள்ளூர்த் தொழிலாளர்களை யாரும் நினைவில் வைக்கவில்லை.

பரங்கிமலை தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் விமானங்களைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை தெற்கேயும் பாருங்கள். அடுக்குமாடிகளுக்கு அப்பால் பெரும்பாக்கம் இருக்கிறது. இடையில் உள்ள ஏழரை மைலில் இன்று வாழ்பவர்கள் பல லட்சம் பேர். அவர்கள் வீட்டுக்கு அடியில்தான் இந்தியாவின் முதல் அளவுகோடு கிடக்கிறது.