நாயும் வெங்காயமும்

நம்மவர் வீடுகளில் நாய்க்கெனத் தனியே சமைக்கும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. வீட்டார் உண்டு மிஞ்சிய சோறும் கறிக்குழம்புமே அதன் உணவாக இருந்து வந்துள்ளன. வெங்காயம் சேராத கறியோ யாழ்ப்பாணத்துச் சமையலில் அரிது. ஆகவே, வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்று ஒருவர் கூறின் கேட்பவர் நகைப்பது இயல்பே. "தலைமுறை தலைமுறையாகத் தின்ற நாய்கள் எல்லாம் செத்தா போயின?" என்ற வினா உடனே எழும். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு விடை கூறாது அச்சம் மட்டும் ஊட்டுவோரின் பேச்சை எவரும் பொருட்படுத்தப் போவதில்லை.

இத்தீங்கு புதிதாகக் கண்டறியப்பட்ட ஒன்றன்று. வெங்காயம் ஊட்டப்பட்ட நாய்களிற் குருதிச்சோகை தோன்றுவதை, அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த செப்ரெல் என்பார் 1930 இல் எடுத்துக்காட்டினார். வெங்காயத்தை நறுக்கும்போதும் மெல்லும்போதும் அதிலுள்ள கந்தகச் சேர்வைகள் உடைந்து, ஒட்சியேற்றும் இயல்புடைய வேறு சேர்வைகளாகின்றன. இவை குருதியிற் கலந்து செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினைத் தாக்குகின்றன. சிதைந்த ஈமோகுளோபின் சிறு திரளாகக் குழியத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. 1890 இல் இத்திரள்களை விவரித்த செருமானியரின் பெயரால் இவை ஹைன்ஸ் உடலங்கள் எனப்படும். பழுதுற்ற குழியங்களுள் சில குருதியோட்டத்திலேயே வெடித்துப்போக, ஏனையவற்றை மண்ணீரல் முதலிய உறுப்புகள் அகற்றிவிடுகின்றன. மனிதரின் செங்குழியம் இத்தாக்கத்தைத் தாங்கவல்லது. நாயினுடையது அத்துணை வலுவுடையதன்று. பூனையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உள்ளியும் லீக்ஸும் இதே குடும்பத்தினவாதலின் அவையும் விலக்கன்று.

எனினும் நஞ்சு என்பது பொருளைப் பொறுத்தது மட்டுமன்று, அளவையும் பொறுத்தது. நாயின் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 15 முதல் 30 கிராம் வரையான வெங்காயம் குருதியிற் குறிப்பிடத்தக்க கேட்டை விளைவிக்கும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. ஒரே வேளையில் உடல் நிறையின் 0.5 சதவீதத்துக்கு மேல் உண்டாலே அவதானம் தேவை என்றும் அவை கூறும். இங்கு இடர்ப்பாடு யாதெனில், நாய் உண்டது எவ்வளவு என்பதைக் கண்ணாற் கண்டு மதிப்பிட இயலாமையே.

இணுவிலில் வாழும் என் மாமி, அங்கு ஒரு கலியாணத்துக்கு முதல்நாள் விடியற்காலையிற் பேராதனையிலிருந்த எனக்குத் தொலைபேசியிற் பேசினார். இரவு மூடி விலகிக் கிடந்த சட்டியிலிருந்து சீனிச்சம்பலில் அரைவாசியைக் கறுப்பன் உண்டுவிட்டது. சம்பல் போயிற்றே என்பதுதான் அவருடைய கவலை. "உது ரெண்டு மூண்டு அகப்பைச் சம்பல்தானே தம்பி, இனிப்பெண்டு நக்கிப்போட்டுது. நாய்க்கு என்ன செய்யப்போகுது?" என்றார். எத்தனை வெங்காயத்திற் செய்தது என்று வினவினேன். ஒரு கிலோகிராம் என்று விடை வந்தது. வதக்கும்போது வெங்காயத்தின் நீர் ஆவியாகிச் சம்பல் சுருங்கிவிடுகிறது. நச்சுத்தன்மையோ வெப்பத்தால் நீங்குவதில்லை. எனவே நிறுக்கவேண்டியது சம்பலாகுமுன் இருந்த வெங்காயத்தையே. அரைவாசி எனின் 500 கிராம். தோலும் காம்பும் கழித்தால் 450 எனக் கொள்ளலாம். நாயின் நிறையை அறிய மச்சான் அதனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின்னர் தனியே ஏறிக் கழித்துப் பார்த்தார் (கறுப்பன் இதற்கு இசைந்தது என்று சொல்வதற்கில்லை). 12 கிலோகிராம். வகுத்தால் கிலோகிராமுக்கு 37 கிராமுக்கு மேல்.

உண்டு ஓரிரு மணி நேரத்துள் அறிந்திருப்பின், மிருக வைத்தியர் வாந்தி எடுக்கச் செய்து பெரும்பகுதியை வெளியேற்றியிருக்கலாம். அக்காலம் இரவிலேயே கழிந்துவிட்டது. அயலார் ஒருவர் உப்புநீர் பருக்கச் சொன்னார். அதனை வேண்டாம் என்று தடுத்தேன். உப்பு மிகுதியாக உட்சென்றால் அதுவே உயிருக்கு உலைவைக்கும். வெங்காய நஞ்சுக்கு முறிமருந்து எதுவுமில்லை. குருதியைக் கவனித்திருப்பதும் வேண்டியபோது உதவுவதுமே மருத்துவம். கறுப்பனுக்கு முந்திய ஆண்டில் உண்ணிக் காய்ச்சல் வந்திருந்தது என் கவலையை மேலும் கூட்டிற்று. செங்குழியம் ஏற்கெனவே குறைந்த நாய்க்கு இழக்க மிச்சம் அதிகமில்லை.

கலியாண நாளன்றும் மறுநாளும் கறுப்பன் பந்தலைச் சுற்றி ஓடித் திரிந்தது. மாமி தொலைபேசியில் என்னைப் பரிகசித்தார். இவ்விடைக்காலமே இந்நஞ்சின் வஞ்சகம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ முதல்நாளில் வரலாம், வராமலும் விடலாம். செங்குழியங்கள் அழிந்து சோகை வெளிப்படப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்கள் செல்லும். நான்காம் நாட் காலையில் அது படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. முரசு வெளிறியிருந்தது. சிறுநீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்தது. மிருக வைத்தியர் குருதியைச் சோதித்தார். சுகமான நாயொன்றின் குருதியிற் குழியங்களின் பங்கு 37 சதவீதத்துக்குக் குறையாதிருக்கவேண்டும், கறுப்பனுக்கு 24. மேலும் இறங்கின் வேறொரு நாயின் குருதியை ஏற்றவேண்டிவரும் என்றார். இரு நாட்களில் 22 ஆயிற்று. அதற்குமேல் இறங்கவில்லை. என்புமச்சை புதுக் குழியங்களை ஆக்கத் தொடங்கியிருந்தது. மூன்றாம் வாரத்தில் 36 என்று அறிந்தபோதுதான் மாமி வீட்டிற் பேச்சு இயல்புக்கு வந்தது.

இனித் தலைமுறைகளின் வினாவுக்கு வருவோம். சோற்றோடு சேர்ந்த ஒரு கரண்டிக் குழம்பில் உள்ள வெங்காயம் அற்பமே. வளர்ந்த நாயை அது வீழ்த்துவதில்லை. ஆகவே அந்நாய்கள் உயிரோடிருந்தன என்பது உண்மை. ஆயின் சிறிது சோகையுற்று இரண்டு நாள் சோர்ந்து கிடந்த நாயை எவர் கணக்கில் எடுத்தார்? ஐந்தாம் நாள் இறந்த நாய்க்குக் காரணம் தேடியவர்கள், நான்காம் மூன்றாம் நாட்களையே நினைத்துப் பார்த்திருப்பர். அதற்கும் அப்பாற்பட்ட விருந்துச் சட்டி நினைவுக்கு வந்திராது. பாம்பு, உண்ணி, வெயில், அயலவன் வைத்த மருந்து என்று ஏதேனுமொன்று காரணமாகியிருக்கும். நிகழ்ந்தவற்றை எவரும் எண்ணிவையாதபோது, ஒன்றும் நிகழவில்லை என்ற அனுபவம் சான்றாகாது.

இவற்றை மாமியிடம் நான் விரித்துரைக்கவில்லை. கறுப்பன் தேறியபின் ஒருநாள் அவரே தொலைபேசியில், "சின்னக்காவின்ர கலியாணத்துக்குச் சமைக்கேக்க எங்களிட்டச் சிவப்பன் எண்டு ஒரு நாய் நிண்டது, உனக்குத் தெரியாது. கலியாணம் முடிஞ்ச கிழமைதான் அது செத்தது. பக்கத்து வீட்டுக்காரர் நஞ்சு வைச்சதெண்டு ஐயா அவையளோடை சாகும்வரை கதைக்கேல்லை" என்றார். பின்னர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை.