துவர்ப்பும் ஒரு சுவை

நம் சங்கத்து அன்பர் பலருடைய மக்கள் இன்று ஐரோப்பிய நாடுகளில் பயில்கின்றனர், பணிபுரிகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர்க்கு விருந்துகளில் சிக்கல் ஒன்று எழுவதுண்டு. மேசைமீது வைக்கப்படும் திராட்சை மதுவை அருவருத்து ஒதுக்குவதா, அன்றி ஏற்றுப் பருகுவதா? இரண்டுக்கும் இடையே வேறொரு வழியும் உண்டென்பதை நாங்கள் இருவரும் இத்தாலியில் அறிந்தோம்.

எங்கள் முன்னோர் சேலம் மாவட்டத்தினர். 1937ஆம் ஆண்டில் இராஜாஜியின் அமைச்சரவை முதன்முதலாக மதுவிலக்கைக் கொணர்ந்தது அம்மாவட்டத்தில்தான். கள்ளுக்கடை மூடிய பிறகே வீட்டில் நாள்தோறும் உலை கொதித்ததென்று பாட்டியார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆதலின், மதுவைப் பற்றி நல்லதொரு சொல் எழுதுவது எங்களுக்கு எளிதன்று.

இத்தாலியின் வடமேற்கே, பீட்மாண்ட் பகுதியில், ஆல்பா நகரை அடுத்து லாங்கே என்னும் குன்றுகள் உள்ளன. அங்கே 11 ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெபியோலோ என்னும் திராட்சையிலிருந்து மட்டுமே பரோலோ என்னும் செந்நிற மது ஆக்கப்படுகிறது. இத்தாலிய மொழியில் ‘நெபியா’ என்பது மூடுபனி. அறுவடைக் காலத்தில் குன்றுகளைப் போர்த்தும் பனியால் பழம் அப்பெயர் பெற்றது என்பர். பழத்தின் சர்க்கரை புளித்து மாறிவிடுவதால் இம்மதுவில் இனிப்பில்லை. சட்டப்படி இது 38 மாதங்களேனும் முதிர்தல் வேண்டும். அவற்றுள் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் கழிதல் வேண்டும்.

துரின் நகரில் பணிபுரியும் எங்கள் மகன் அங்குள்ள நிலவறை ஒன்றுக்கு எங்களை அழைத்துச் சென்றான். நாங்கள் தயங்குவதைக் கண்டு, “விழுங்க வேண்டியதில்லை, அப்பா. தேர்ந்த சுவைஞர்கள் வாயில் வைத்து ஆய்ந்தபின் இந்தக் கலத்தில் உமிழ்ந்துவிடுவார்கள்” என்றான். அச்சொல் எங்கள் தயக்கத்தை நீக்கியது.

முதலில் கண்ணால் நோக்கினோம். அடர்ந்த சிவப்பை எதிர்பார்த்தோம். இதுவோ ஒளி ஊடுருவும் இளஞ்சிவப்பாய், ஓரத்தில் செங்கல் நிறம் காட்டிற்று. கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்தபோது உலர்ந்த ரோஜா இதழின் மணம் எழுந்தது. அதன் பின்னே, புதிதாய்ப் போட்ட சாலையின் தார் மணமும் மெல்ல வந்தது. வாயில் வைத்த அளவில் நாவும் ஈறும் இறுகி உலர்ந்தன.

இவ்வுணர்வு எங்களுக்குப் புதிதன்று. கடுக்காயும் பாக்கும் நாவற்பழமும் வாழைப்பூவும் தரும் துவர்ப்பே அது! மேனாட்டு அறிஞர் பலர் இதனைச் சுவையெனக் கொள்ளாது, தொடுவுணர்வு என்பர். நாமோ அறுசுவையுள் ஒன்றாக இதற்கு இடமளித்துள்ளோம். பழத்தின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய் வழவழப்பை இழக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அப்பொருளின் ஒரு பகுதி தம்முள் திரண்டு புட்டியின் அடியில் மண்டியாய்ப் படியும்; கடுமை தணியும். பதினைந்து ஆண்டு முதிர்ந்த மற்றொரு புட்டியில் அத்தணிவை நன்குணர்ந்தோம். துவர்ப்பு அகலவில்லை, பண்பட்டிருந்தது. இரண்டையும் சுவைத்து உமிழ்ந்தோம்.

உடலுக்குத் தீங்கில்லாத மது அளவென ஒன்றில்லை என உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் தெரிவித்தது. பாட்டியார் பட்டறிவால் உணர்ந்ததும் அதுவே. எனினும், ஒரு மண்ணின் மக்கள் பொறுமையோடு ஆக்கிய பொருளை முகர்ந்து, நாவில் ஆய்ந்து, அதன் தகுதியை உள்ளபடி சொல்வதில் குற்றமில்லை. விருந்தளிப்பவரின் உழைப்பைப் பாராட்டிவிட்டு, “எங்களுக்குத் தண்ணீர் போதும்” என்று முகமலர்ந்து கூறலாம். நாங்கள் சென்ற வீடுகளில் அதனை எவரும் குறையாகக் கொள்ளவில்லை.